குரங்கணியும் இரண்டாம் பாகங்களும்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். கொட்டகுடி ஆற்றின் போக்கை ஒட்டியே பாதை ஏறுகிறது. மாந்தோப்பும் இலவந்தோப்பும் பின்வாங்கி, மலை மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ளும் இடத்தில் பேருந்து நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள ஊர்களில் ஒன்றின் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலே இல்லாத மலைக்கிராமத்துக்கு இப்படியொரு பெயர் ஏன் என்று வியக்கும் வெளியூர்க்காரர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் ஒரு பழங்கதையைச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இந்த அடிவாரத்துக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போயிற்று. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலை அழித்துவிட்டது. ஸ்டேஷன்களின் பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன.

பெயர் தங்கிவிடுவதும் பொருள் போய்விடுவதும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் பேசப்போவது தேயிலையைப் பற்றி அல்ல, சினிமாவைப் பற்றி.

2010 நவம்பர் 5, தீபாவளி. அன்று வெளியான தமிழ்ப் படங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று தனுஷ் நடித்த 'உத்தமபுத்திரன்'. 2008இல் வெற்றி பெற்ற 'ரெடி' என்ற தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம் அது. தலைப்போ 1958இல் சிவாஜி கணேசன் நடித்த படத்தினுடையது. அந்த 1958 தலைப்பும் கடன்தான். 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்கவைத்து எடுத்த படத்தின் பெயர் அது. முதல் இரண்டு படங்களுக்கும் மூலம் அலெக்ஸாந்தர் துமாவின் இரும்பு முகமூடிக் கதை. மூன்றாவதற்கும் அந்தக் கதைக்கும் எந்த ஒட்டும் இல்லை. ஆக, எழுபதாண்டுப் பழைய பெயர், இரண்டாண்டுப் பழைய கதை, சந்தையில் நன்கு விலைபோகும் நடிகர் என்று எல்லாமே முன்பே சோதிக்கப்பட்ட சரக்கு.

மற்றொன்று 'மைனா'. பிரபு சாலமன் இயக்கியது. பெரும்பகுதி குரங்கணியில் படமாக்கப்பட்டது. விதார்த், அமலா பால், தம்பி ராமையா ஆகிய மூவரில் யாருடைய பெயரையும் நம்பி அன்று ஒரு விநியோகஸ்தர் முன்பணம் கொடுத்திருக்க மாட்டார். இயக்குநரின் முந்தைய படமான 'லாடம்' கைகொடுக்கவில்லை. முடிந்த படத்தைப் பார்த்துவிட்டு ரெட் ஜெயன்ட் மூவீஸ் வாங்கி வெளியிட்டதால்தான் அது தீபாவளிக்கே வர முடிந்தது. சிறையிலிருந்து தப்பி ஊருக்கு ஓடிவரும் சுருளி, அவனைப் பிடித்துச் செல்ல மலையேறி வரும் சிறை அதிகாரியும் காவலரும், இடையில் ஒரு பெண். அவ்வளவுதான் கதை. தீபாவளிக்கு முந்தைய நாள் மலையில் மாட்டிக்கொண்ட மனிதர்களின் படம் தீபாவளியன்றே வெளிவந்தது. தேனியில் ஒரு திரையரங்கில் இரண்டாம் வாரம் நான் அதைப் பார்த்தபோது, திரையில் வளைவுப் பாதைகள் வரும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து அந்தந்த இடத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தம் ஊரைத் திரையில் முதன்முறையாகக் காண்பவர்களின் குரல் அது. ஒரு கட்டத்தில் சிறு எரிச்சல்கூட வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'மைனா' வென்றது. தம்பி ராமையாவுக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. மறு ஆண்டே கன்னடத்தில் 'ஷைலு' என்று மறு ஆக்கம் செய்யப்பட்டது. யாரும் நம்பாத புதுக்கதை ஓராண்டுக்குள் பிறர் நம்பி வாங்கும் சோதித்த சரக்காகிவிட்டது.

படம் எடுப்பவர்கள் ஏன் சில சமயம் பழையதையே தொடர்கிறார்கள், ஏன் சில சமயம் புதியதைத் துணிகிறார்கள் என்ற கேள்விக்கு நம் சூழலில் வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. படைப்பாளிகளுக்குக் கற்பனை வறட்சி என்பது ஒன்று. ரசிகர்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் அரைகுறையானவை என்பது என் துணிபு. யாருடைய பணம், எப்போது திரும்பவேண்டும், அதற்குள் படத்தின் பெயர் எத்தனை பேர் காதில் விழ வாய்ப்பிருக்கிறது என்ற மூன்றும்தான் பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கின்றன. தமிழ்ப்படத் தொழிலின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் இது தெளிவாகும்.

பேசும்படம் வந்த புதிதில் இந்தத் தேர்வே இல்லை. 'ஹரிச்சந்திரா' 1932இலும், 'வள்ளி திருமணம்' 1933இலும், 'பவளக்கொடி' 1934இலும் வந்தன. எல்லாம் நாடக மேடையில் நூறு முறை பார்த்த கதைகள். அடுத்து என்ன நடக்கும் என்று அறிவதற்காக எவரும் கொட்டகைக்குப் போகவில்லை. தெரிந்த கதையை இந்தப் பாகவதர் எப்படிப் பாடுகிறார் என்று கேட்கப் போனார்கள். இதிகாசம் என்பதே எவர்க்கும் உரிமை இல்லாத, எவரும் தொடரலாம் என்ற ஒரு பொதுச்சொத்து. 1958இல் 'சம்பூர்ண ராமாயணம்' வந்தது, என். டி. ராமராவ் இராமர். 1963இல் 'லவகுசா' வந்தது. அதிலும் அவரே இராமர். வேறு தயாரிப்பாளர், வேறு இயக்குநர். இருந்தும் பார்த்தவர்களுக்கு இது அதன் பின்கதைதான். தமிழின் முதல் இரண்டாம் பாகம் எது என்று பட்டியல் போடுகிறவர்கள் 'லவகுசா'வைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உத்தரகாண்டத்தை வால்மீகியோடு சேர்ப்பதா வேண்டாமா என்று தலைமுறைகளாக வாதிடும் சமூகத்துக்கு இரண்டாம் பாகம் என்ற கருத்து ஹாலிவுட்டிலிருந்து வரவேண்டிய அவசியம் இருந்ததா என்ன?

பிறகு ஸ்டுடியோக்களின் காலம். ஏவி.எம், ஜெமினி, மாடர்ன் தியேட்டர்ஸ் ஆகியவற்றில் தளம், விளக்கு, ஒலிப்பதிவுக்கூடம், மாதச் சம்பளக்காரர்கள் என்று எல்லாமே முதலாளிக்குச் சொந்தம். தளம் சும்மா கிடந்தால் நட்டம், சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். எனவே கதை தயாராகக் கையில் இருக்கவேண்டும். புதுக்கதைக்காக ஆறு மாதம் விவாதிப்பதைவிட, ஏற்கெனவே வென்ற கதையை இன்னொரு மொழியில் எடுப்பது லாபம். ஏவி.எம்மின் 'வாழ்க்கை' 1949இல் தமிழில் வந்தது. 1950இல் அதுவே தெலுங்கில் 'ஜீவிதம்', 1951இல் இந்தியில் 'பஹார்'. மூன்றிலும் வைஜயந்திமாலா. ஒரே கதை, மூன்று சந்தை. ஸ்டுடியோ முதலாளிகளின் இரண்டாம் பாகம் இதுதான். காலத்தில் முன்னால் நகராமல் வரைபடத்தில் பக்கவாட்டில் நகர்வது. பார்வையாளர் வேறு என்பதால் கதையை நீட்டவேண்டிய தேவையே எழவில்லை.

(ஜெமினியில் பணியாற்றிய அசோகமித்திரன் அந்த ஆண்டுகளைப் பற்றி எழுதியவற்றை வாசித்தவர்களுக்கு இந்த மாதச் சம்பளச் சினிமாவின் மணம் தெரியும். அவருடைய 'கரைந்த நிழல்க'ளில் படம் பாதியில் நின்றுபோவதும், முதலாளி நொடித்துப்போவதும் அத்தனை சாதாரணமாக நிகழ்கின்றன. சினிமாவைப் பற்றிய நாவல் என்று சொல்வதைவிட முன்பணத்தைப் பற்றிய நாவல் என்று சொல்லத் தோன்றும் எனக்கு.)

ஸ்டுடியோக்கள் தளர்ந்து, தளத்தை வாடகைக்கு எடுக்கும் தனித் தயாரிப்பாளர்கள் பெருகியபோது பணம் வரும் வழி மாறியது. மதுரை–இராமநாதபுரம் ஏரியா, கோவை ஏரியா, திருச்சி–தஞ்சை ஏரியா என்று பிரித்து, படம் முடியும் முன்பே விநியோகஸ்தர்களிடம் முன்பணம் வாங்கினார்கள். போடியும் தேனியும் எம்.ஆர். ஏரியாவில் சேர்த்தி. முன்பணம் கொடுப்பவர் கதை கேட்பதில்லை. படத்தில் யார் என்று மட்டுமே கேட்பார். அப்போது நடிகரே தொடராகிவிட்டார். இதைச் சின்னப்பா தேவர் அளவுக்குப் புரிந்துகொண்டவர் எவரும் இல்லை. 'தாய்க்குப் பின் தாரம்' (1956), 'தாய் சொல்லைத் தட்டாதே' (1961), 'தாயைக் காத்த தனயன்' (1962), 'தாய்க்குத் தலைமகன்' (1967) என்று வரிசையாகப் போடுங்கள். தம்பி திருமுகம் இயக்கம், எம்.ஜி.ஆர். நாயகன். எம்.ஜி.ஆரை வைத்துத் தேவர் எடுத்தவை மொத்தம் பதினாறு படங்கள். கதைமாந்தர்களின் பெயர்கள் மாறும். தாய் மாறமாட்டாள். எண் போடாத பதினாறு பாகங்கள் என்று சொன்னால் அது மிகையல்ல.

தேவரிடம் இன்னொரு தொடரும் இருந்தது: விலங்குகள். அவர் எடுத்த 'தெய்வச்செயல்' (1967) கதையே பின்னர் ராஜேஷ் கன்னாவின் 'ஹாத்தி மேரே சாத்தி' (1971) ஆகி வடக்கில் பெருவெற்றி பெற்றது. அதே கதை மறுபடி தமிழுக்கு 'நல்ல நேரம்' (1972) என்று எம்.ஜி.ஆரோடு திரும்பியது. இந்த யானையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குரங்கணிக்காரரின் கதையில் மறுபடியும் வரும்.

தேனிப்பக்கத்திலிருந்தே இதற்கு மாறான ஒரு சான்றும் உண்டு. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா '16 வயதினிலே' (1977), 'கிழக்கே போகும் ரயில்' (1978) என்று அடுத்தடுத்து இரண்டு கிராமத்துப் படங்களை எஸ். ஏ. ராஜ்கண்ணுவின் தயாரிப்பில் வெற்றிபெறச் செய்தார். மூன்றாவதும் அதே மண்ணிலிருந்து வரும் என்று தொழில் எதிர்பார்த்தது. இவருக்குக் கிராமம் மட்டும்தான் தெரியும் என்ற பேச்சும் எழுந்தது. அவரோ மாநகரத்துக் கொலைகாரனின் கதையாக 'சிகப்பு ரோஜாக்க'ளை எடுத்தார். வென்ற கையோடு வென்ற வழியைவிட்டு விலகும் துணிவு அரிது. ஆனால் அதைத் துணிவு என்று மட்டும் சொல்வதும் போதாது. அன்று படங்களின் செலவு அப்படிச் செய்துபார்க்க இடம் கொடுத்தது.

நிற்க. எண் போட்ட, அதே பாத்திரங்கள் தொடரும் இரண்டாம் பாகம் தமிழில் முதன்முதலில் எப்போது வந்தது? பொதுவாகச் சுட்டப்படுவது 'ஜப்பானில் கல்யாணராமன்' (1985). 1979இல் வந்த 'கல்யாணராமன்' படத்தின் தொடர்ச்சி. பஞ்சு அருணாசலம் எழுத்து, கமல்ஹாசன் இரட்டை வேடம், பின்னணியில் அவ்வாண்டு ஜப்பானில் நடந்த சுகுபா கண்காட்சி. முதலாவதைப்போல அது கொண்டாடப்படவில்லை. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வழியில் போனவர்கள் மிகச் சிலரே. ஏன்?

இரண்டாம் பாகத்துக்கு வேண்டிய முதல் மூலதனம் நினைவு. 1979இல் ஒரு படத்தைப் பார்த்தவர் 1985இல் அதை மறுபடி காண வழியில்லை, எங்காவது கீற்றுக்கொட்டகையில் பழைய பிரதி ஓடினால் தவிர. படம் மதுரையில் நூறு நாள் ஓடும், பிறகு தேனிக்கு வரும், பிறகு போடிக்கு, பிறகு டூரிங் டாக்கீசுக்கு. அத்தோடு மறையும். ஆறு ஆண்டுகளில் புதிதாக வளர்ந்துவிட்ட இளைஞனுக்கு முதல் பாகம் என்பது அண்ணன் சொன்ன கதை மட்டுமே. ஆகவே தயாரிப்பாளருக்கு இரண்டாம் பாகத்தால் கூடுதல் பயன் இல்லை. புதிதாக வந்தவனுக்கும் புரியவேண்டும் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டிய சுமைதான் மிச்சம்.

நிலைமையை மாற்றியது தொலைக்காட்சி. 1993இல் சன் டிவி வந்தது. அதைத் தொடர்ந்து மற்ற அலைவரிசைகள். பழைய படம் என்பது வீட்டுக்கூடத்தில் வாரந்தோறும் ஓடும் பொருளாயிற்று. படம் வந்தபோது பிறக்காத பிள்ளைக்கும் அதன் வசனம் மனப்பாடம். இப்போது பெயருக்குச் சந்தை மதிப்பு வந்துவிட்டது. 2010 என்ற ஆண்டையே பாருங்கள். பின்னாளில் மூன்று பாகங்களாக வளர்ந்த 'சிங்கம்' அவ்வாண்டு வந்தது. வெளியிட்டது சன் பிக்சர்ஸ். 2018இல் '2.0' ஆகத் தொடர்ந்த 'எந்திரன்' அவ்வாண்டு வந்தது. தயாரித்ததும் சன் பிக்சர்ஸ். படத்தைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பும் இடமும் படத்தை உருவாக்கும் இடமும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன.

இதில் ராகவா லாரன்ஸின் வரிசை எனக்கு மிகச் சுவையானது. 'முனி' (2007). பிறகு 'காஞ்சனா' (2011), அடைமொழியாக 'முனி 2'. அது முதலாவதைவிடப் பெரிதாக வென்றுவிட்டது. அடுத்து வந்தது 'காஞ்சனா 2' (2015). அடுத்தது 'காஞ்சனா 3' (2019). தகப்பன் பெயரைத் தாங்கி வந்த பிள்ளை, தன் பெயர் பெரிதானதும் தகப்பன் பெயரைக் கழற்றிவைத்துவிட்டது! பெயரில் எது விலைபோகிறதோ அதுவே வம்சத்தின் பெயர்.

நினைவோடு சேர்ந்து இன்னொன்றும் மாறியது: காலம். டிஜிட்டல் திரையிடல் வந்தபின் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வெளியாகிறது. முதல் மூன்று நாளில் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. முன்பு ஒரு படத்துக்கு முதல் வாரம் கூட்டம் இல்லாமல், பார்த்தவர் வாய்வழி சொல்லி மூன்றாம் வாரம் நிறைந்த கதைகள் ஏராளம். அந்த வாய்மொழிக்கு இப்போது அவகாசம் இல்லை. வெள்ளிக்கிழமை காலைக்கு முன்பே படத்தைப் பற்றி மக்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். புதிய பெயரைத் தெரியப்படுத்த விளம்பரச் செலவு மிக அதிகம். 'சாமி', 'சண்டக்கோழி', 'இந்தியன்' ஆகிய பெயர்களுக்கு அந்தச் செலவைத் தொலைக்காட்சி இருபது ஆண்டுகளாக இலவசமாகச் செய்துவைத்திருக்கிறது. போடியில் ஏலக்காய் ஏலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மூட்டையை யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. கையில் வரும் மாதிரியைத் தேய்த்துப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். முதல் பாகம் என்பது இரண்டாம் பாகத்தின் மாதிரி. மாதிரியும் மூட்டையும் வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 2018இன் 'சாமி ஸ்கொயர்', 2024இன் 'இந்தியன் 2' ஆகியவற்றைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்தக் கணக்கு நம்மோடு நிற்பதல்ல. கணினி விளையாட்டுத் தொழிலில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ'வின் இரண்டாம் பாகத்தை 1986இல் ஜப்பானில் வெளியிட்டது. அமெரிக்கர்களுக்கு அது மிகக் கடினம் என்று கருதப்பட்டதால், 1987இல் வந்திருந்த 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற முற்றிலும் வேறொரு விளையாட்டின் பாத்திரங்களை மாற்றி, மாரியோவின் முகத்தை ஒட்டி, 1988இல் 'சூப்பர் மாரியோ 2' என்று அங்கே விற்றார்கள். புதுப்படைப்பு ஒன்று இரண்டாம் பாகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு கடல் கடந்தது. 'உத்தமபுத்திரன்' பெயரை மட்டும் வாங்கிக்கொண்ட 2010 படம் இதற்குத் தூரத்து உறவு. இன்று பெரிய விளையாட்டு ஒன்றை உருவாக்க ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கானோர் உழைக்கிறார்கள். செலவு அத்தனை பெரிதாகும்போது புதுப்பெயருக்குத் துணிபவர் குறைகிறார்கள். 2003இல் தொடங்கிய 'கால் ஆஃப் டியூட்டி'க்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டுடியோக்கள் முறைவைத்து உழைத்து ஏறத்தாழ ஆண்டுக்கொரு பாகம் தருகின்றன. நம் ஏவி.எம் மாதச் சம்பளக் கணக்கின் பெரிய உருவம் அது. இதற்கு எதிர்முனையில், 2023இல் டொராண்டோவில் ஒரு சிறு குழு 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், இட்லி ஊற்றும் தாய், அழிந்துபோன வரிகளோடு ஒரு சமையற்குறிப்பேடு. அவ்வளவுதான். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்கு அளித்தது. தொடர்வதற்கு முன்பாகம் ஏதும் இல்லாதவர்கள், இழப்பதற்கும் அதிகம் இல்லாதவர்கள். 'மைனா'வின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

இரண்டாம் பாகம் எல்லாமே வணிகம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' இரண்டு படங்களாக வந்ததும், ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து பிறந்த 'விடுதலை' இரண்டானதும் நீளத்தின் விளைவு. வாரப்பத்திரிகையில் 'தொடரும்' என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. இலக்கியத்தில் இதைவிடப் பெரிய சான்று ஜெயகாந்தன். 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதைக்கு எழுந்த எதிர்ப்பு சிறிதல்ல. அவர் பின்வாங்கவில்லை. தாய் மன்னிக்காமல் போயிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று கேட்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதையும் தொடர்ந்து 'கங்கை எங்கே போகிறாள்' எழுதினார். இங்கே தொடரவைத்தது பெயரின் விலை அல்ல, தீராத ஒரு வழக்கு. ஒரு தொடர்ச்சியைக் கையில் எடுக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இங்கே ஏதேனும் வழக்கு மிச்சமிருக்கிறதா?

இனி குரங்கணிக்குத் திரும்பலாம். சுருளியும் மைனாவும் படத்தின் முடிவில் இறந்துவிடுகிறார்கள். ஆகவே 'மைனா 2' இல்லை. ஆனால் அந்தப் படத்தால் பிரபு சாலமனின் பெயரே ஒரு மாதிரிப் பொட்டலமாகிவிட்டது. மலை, காடு, எளிய காதல், துயர முடிவு. அடுத்த படம் 'கும்கி' (2012). லிங்குசாமியின் திருப்பதி பிரதர்ஸ் தயாரிப்பு. இசை இமான், ஒளிப்பதிவு சுகுமார் என்று 'மைனா'வின் கூட்டணி அப்படியே. கூடுதலாக ஒரு யானை. அதுவும் வென்றது. பின்னர் 2021இல் காட்டையும் யானைகளையும் பற்றிய 'காடன்'. அதன் இந்தி வடிவத்துக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'ஹாத்தி மேரே சாத்தி'. சின்னப்பா தேவரின் யானை ஐம்பதாண்டு கழித்து வேறொரு கதைக்குள் நடந்துவந்து நின்றது, பெயராக மட்டும். 2025இல் 'கும்கி 2'. முதல் படத்தின் மாந்தர்களோ கதையோ இதில் தொடரவில்லை. 'கும்கி'யின் முடிவில் யானை மாணிக்கம்கூட இறந்துவிடுகிறதே, தொடர யார் இருக்கிறார்கள்? தொடர்வது தலைப்பும் எண்ணும்தான்.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. வெற்றிபெற்ற இயக்குநர் மீது சந்தை ஏற்றும் பாரம் என்ன என்பதற்கு இவ்வளவு தெளிவான வரிசை வேறில்லை. யாருக்கும் தெரியாதவராக இருந்தபோது அவர் கையில் செலவு குறைந்த, சுதந்திரமான ஒரு மலை இருந்தது. தெரிந்தவரான பின்பு ஒவ்வொரு படமும் முந்தையதற்குக் கணக்குக் காட்டவேண்டியதாயிற்று.

இதே மலைத்தொடரில் இன்னொரு படமும் எடுக்கப்பட்டது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. தயாரித்தவர் விஜய் சேதுபதி. அவர் அதில் நடிக்கவில்லை. ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலையிறங்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கவேண்டும் என்பது ஒன்றே ஆசை. வாங்குகிறான், இழக்கிறான், கடைசியில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருகிறான். முடிந்தபின் நெடுநாள் காத்திருந்து 2018 ஆகஸ்ட் 24 அன்று அது வெளியானது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். இதற்கு யாரும் இரண்டாம் பாகம் எடுக்கப்போவதில்லை. ஆனால் நான் மேலே சொன்ன அளவுகோலின்படி, தீராத வழக்கு மிச்சமிருப்பது 'கும்கி'யில் அல்ல, இதில்தான். ரங்கசாமியின் மகன் என்ன ஆனான்? சுமைக்காரர்கள் நடந்த தடங்களில் இன்று யார் நடக்கிறார்கள்? விற்கக்கூடிய பெயர் இருக்கும் இடத்தில் தொடரச் சொல்வதற்கு ஏதுமில்லை. சொல்வதற்கு இருக்கும் இடத்தில் பெயருக்கு விலை இல்லை. இந்தப் பொருத்தமின்மைதான் என்னை இதை எழுதவைத்தது.

அதே 2018இல், மார்ச் 11 அன்று, குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ மலையேற்றத்துக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அதுவரை 'மைனா எடுத்த ஊர்' என்று அடையாளம் சொல்லப்பட்ட இடம் ஒரே இரவில் வேறொன்றின் பெயராகிவிட்டது. இப்போது வெளியூரில் குரங்கணி என்றால் முதலில் தீயைத்தான் சொல்கிறார்கள்.

போடிக்கு ரயில் 2010 இறுதியோடு நின்றது, 'மைனா' வெளியாகி இரண்டே மாதத்தில். அகலப்பாதையாகி மறுபடி வந்தது 2023 ஜூனில். அதன்பின் ஒருமுறை குரங்கணிக்குப் போயிருந்தேன். பேருந்து திரும்பும் இடத்தில் தேநீர்க் கடை. மேலேயிருந்து சுமை இறக்கிய கோவேறு கழுதைகள் நிழலில் நின்றன. நான் சினிமாவைப் பற்றிக் கேட்பேன் என்று கடைக்காரர் எதிர்பார்த்திருக்க வேண்டும், கேட்டேன்.

"அந்த வளைவுலதாண்ணே எடுத்தாங்க. பாட்டு அங்கிட்டு," என்று கையை நீட்டினார். பிறகு, "திரும்ப வந்து எடுப்பாங்களான்னு எல்லாரும் கேக்குறாக. எடுத்தா அந்தத் தடத்தையும் கொஞ்சம் சரிபண்ணிட்டுப் போகச் சொல்லுங்கண்ணே. மழைக்குக் கழுதையே வழுக்குது."